கொச் கிராமத்தில் நின்ற கார்

கொச்.
உதட்டைக் குவித்துச் சட்டென்று விட்டுவிட வேண்டும்,
அவ்வளவுதான் இந்த ஊரின் பெயர்.
வியன்னாவுக்கும் புடாவுக்கும் நடுவே
குதிரைகள் மூச்சு வாங்கிய இடம்.
இங்கே செய்த வண்டிக்கு ஊர்ப்பேரே பேராயிற்று:
கொச்சி.
இன்றைக்குக் காரையும் அப்படித்தான் சொல்கிறோம்.

வெண்டெல் தன் கொச்சியை
பீட்ரூட் வயலோரம் ஓரங்கட்டி
எஞ்சினை அணைத்தார்.
"ஆபீஸில் சுவருக்கும் காது."
கொமாரோமில் அறுபது லாரி அவருக்கு.
வேலை போகப்போகும் பத்தொன்பது ஓட்டுநர்கள்
சட்டைப் பையில், மடித்த தாளில்.
வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

"சொல்லு எமோகே, நான் என்ன செய்யட்டும்?"

சொல்லக் கூடாது.
சொல்லாமலிருக்கத்தான் எனக்குச் சம்பளம்.
என் விசிட்டிங் கார்டில் இருக்கிறது: கோச்.
இங்கிருந்து வண்டியாகக் கிளம்பிய சொல்
நாலைந்து நூற்றாண்டு ஊர் சுற்றி
ஒரு பெண்ணாகி, மணிக்கணக்கில் கட்டணம் வைத்து
பிறந்த ஊருக்கே வந்து நிற்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டில்
படிக்காத பிள்ளைகளைப் பரீட்சைக்கு அக்கரை சேர்த்த வாத்தியாரை
மாணவர்கள் 'வண்டி' என்று கேலி செய்தார்கள்.
ஏறி உட்கார்ந்தால் போதும், ஊர் வந்துவிடும்.
கேலி காய்ந்து பட்டமாயிற்று.
பிறகு தேம்ஸ் கரையில்
துடுப்புப் போடுகிறவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே
சைக்கிள் மிதித்தவனுக்கும் அதே பேர்.
(சைக்கிளில் போகிறவனை வண்டி என்றபோது
ஒருத்தருமா சிரிக்கவில்லை?)
அப்புறம் கலிஃபோர்னியா.
கடல் பார்த்த பாறைமேல் வெந்நீர் ஊற்று,
வட்டமாய் நாற்காலிகள்,
கம்பெனி முதலாளிகள் வாய்விட்டு அழுதார்கள்.
அங்கேயே ஏதோ டென்னிஸ் மைதானத்தில்
மணிக்கட்டைத் திருத்துவதை நிறுத்திவிட்டு
"பந்தைப் பார்" என்று மட்டும் சொன்னார் ஒருவர்.
மனநல மருத்துவரிடம் தலையாட்டலைக் கடன் வாங்கினோம்,
படுக்கையை அவரிடமே விட்டுவிட்டோம்.
கேள்வி மட்டும் ஏதென்ஸிலிருந்து.
அங்கே கேட்டவனுக்குக் கிடைத்த கட்டணம்
ஒரு கோப்பை நஞ்சு.
எனக்கு நாற்பதாயிரம் ஃபோரின்ட், ரசீதோடு.

இதெல்லாம் சான்றிதழுக்குப் படித்தது.

தொழிலைக் கற்றது கியோரில், ஆற்றில்.
பதினாறு வயது, நாற்பத்தாறு கிலோ,
எட்டுப் பேர் படகின் வாலில் உட்கார வைத்தார்கள்.
துடுப்புப் போடுகிறவர்கள்
போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் இருப்பார்கள்.
முன்னால் பார்த்தவள் நான் ஒருத்தி.
ஒரு நாள் பாலத்தூணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
வாய் வரவில்லை.
அந்தச் சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது.

"காசு வாங்குகிறாய், ஒன்றும் சொல்ல மாட்டாயா?"

தூணா இது, தூணின் நிழலா?
தெரியவில்லை.
"அந்தத் தாளை எத்தனை முறை மடித்தீர்கள்?" என்றேன்.
எதற்கு அப்படிக் கேட்டேனோ.

வெளியே எடுத்தார்.
எண்ணுவார் என்று பார்த்தேன்,
பெயர்களை வாசித்தார், சத்தமாக,
பள்ளியில் வருகைப்பதிவு எடுப்பதுபோல.
பதினொன்றாவதில் நின்றார்.
"இவன் என் கல்யாணத்துக்கு லாரி ஓட்டி வந்தவன்,
பின்னால் முழுக்க நாற்காலிகள்."

பிறகு கதவைத் திறந்து
வயலுக்குள் நடந்தார்,
நல்ல ஷூ, மழை பெய்த மண்.
கூப்பிடவில்லை நான்.
கையெழுத்துப் போடுவாரா, கிழிப்பாரா,
அடுத்த வாரம் எனக்குப் போன் செய்வாரா?

ஐம்பது நிமிடம் முடிந்து வெகு நேரமாகிவிட்டது.
சாவி தொங்குகிறது.
தத்தா போகும் கடைசி பஸ்
எங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன்.
எனக்குக் கார் ஓட்டத் தெரியாது,
இதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை.
வயல் நடுவே ஒரு சிறு உருவம்
குனிந்து எதையோ பிடுங்குகிறது.
அபாய விளக்கு மட்டும்
டிக், டிக், டிக்.